மூச்சை வெட்டிய அக்காவுக்கு

கத்தரிக்கோலைக் கையால் தொடாமலே கத்தரி அக்கா என்று பெயர் வாங்கியவரே! வேற்றுமொழியில் விம்மியவர்களை எங்கள் மொழியில் அழவைத்து, வாயசைவும் வசனமும் வழுவாமல் வரிசை சேர்த்து, வந்த படத்தையெல்லாம் வாழவைத்த ஒலித்தொகுப்பின் ஒப்பிலா அரசியே! முப்பத்தொரு ஆண்டுகள் முதல் ஆளாய் வந்து கதவு திறந்து, கடைசி ஆளாய் விளக்கணைத்துப் போன கடமையின் வடிவே! கடுகு பொரிவதுபோலக் கோபப்பட்டு, கோபம் ஆறுவதற்குள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து எங்கள் பக்கம் தள்ளிவைத்த கனிவின் கடலே! இந்தக் குரலேற்றுக் கூடத்தின் ஊழியர் முப்பது பேரும் உங்கள் பணி நிறைவு நாளில் பணிந்து படிக்கும் மடல் இது.

இதுவரை வாசித்ததும் கடைசியில் வரும் ஒரு வாழ்த்தும் மட்டுமே அதோ அந்தக் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கின்றன. இனி வாசிக்கப்போவதைச் சட்டம் போட முடியாது. அதனால்தான் முதலாளியை அழைக்கவில்லை. விழாவை வெளியே கூடத்தில் வைக்காமல், பஞ்சு பதித்த சுவருள்ள இந்தப் பதிவறையில் வைத்திருக்கிறோம். மைக்கை அணைத்துவிட்டோம். நம்மவர்களைத் தவிர யாரும் கேட்கப்போவதில்லை.

முதலில் உங்கள் பெருமையைச் சொல்லிவிடுகிறோம், அது எங்களுக்குச் சுலபம்.

நீங்கள் பணிக்கு வந்த எட்டாம் ஆண்டில் ஒரு படம் வந்தது. செத்துப்போன கணவன், தன் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் வெளிச்சத்தில் மட்டும் மனைவிக்குத் தெரிவான். அவள் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அவனோடு பேசுவாள். உள்ளே இருப்பதெல்லாம் கெட்டுப்போகும். குரல் கொடுத்து முடித்ததும் இயக்குநர் போட்டுக் கேட்டார். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆளு செத்த மாதிரி இல்லையே," என்று தலையைச் சொறிந்தார். எதிரொலி சேர்த்துப் பார்த்தார்கள், கிணற்றுக்குள் விழுந்தவன் பேசுவதுபோல இருந்தது. நீங்கள் யாரிடமும் ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்து, அவன் வசனங்களுக்கு நடுவே இருந்த மூச்சை மட்டும் ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தீர்கள். அதன் பிறகு அந்தக் குரல் பேசிக்கொண்டே போனது; எங்கேயும் மூச்சு வாங்கவில்லை. இயக்குநர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

அன்று தொடங்கி, செத்தவர் காதல் செய்யும் படம் எந்த மொழியில் எடுக்கப்பட்டாலும் அது எங்கள் வாசலுக்கு வந்துசேர்ந்தது. மறுவுலகில் ஒரு சலவைக்கூடம் வைத்து, கணவன் வந்துசேரும் நாளுக்காக அவன் சட்டைகளைத் தினமும் துவைத்துக் காயப்போடும் மனைவியின் படம் வந்தது. "செத்ததுக்கு அப்புறமும் இவனுக்கு இவதான் துவைச்சுப் போடணுமா?" என்று நீங்கள் கேட்டதில் அன்றைய பதிவு அரை மணி நேரம் நின்றுபோனது. செத்தவர்கள் உயிரோடு இருப்பவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு கடிதம் எழுதலாம், ஆனால் வானிலையைப் பற்றி மட்டுமே எழுத வேண்டும் என்றொரு படம் வந்தது. அதற்கு நீங்கள் சிரிக்கவில்லை. இப்படி எத்தனையோ சாவுகளுக்கு அப்பால் எத்தனையோ கல்யாணங்களை எங்கள் மொழியில் நடத்திவைத்தீர்கள். அத்தனையிலும் செத்தவர்கள் மூச்சில்லாமல் பேசினார்கள். உங்கள் கைவரிசை என்று ஊரே அடையாளம் கண்டது.

அத்தான் வந்ததும் அந்த வழியில்தான். நாங்கள் எல்லோரும் அத்தான் என்றே கூப்பிட்ட உங்கள் கணவருக்கு நல்ல கனத்த குரல். கூடவே சிறுவயதிலிருந்து இரைப்பு நோய். இரண்டு வரி பேசினால் நெஞ்சுக்குள் ஒரு விசில் கேட்கும். "வில்லனுக்குக்கூட இவ்வளவு இரைக்கக் கூடாதுங்க," என்று சொல்லி எல்லாக் கூடங்களிலும் திருப்பி அனுப்பினார்கள். நம் கூடத்திலும் அனுப்பியிருப்பார்கள். நீங்கள்தான் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து எழுந்து, "செத்தவனுக்குப் பேச விடுங்க. மூச்சை நான் பாத்துக்கறேன்," என்றீர்கள். ஒரு பெண் அப்படிச் சொல்லக் கேட்ட ஆண் வேறென்ன செய்வார்? ஆறே மாதத்தில் கல்யாணம்.

இருபத்திரண்டு படங்களில் அத்தான் பேசினார். இருபத்திரண்டிலும் செத்தவராகத்தான் பேசினார். உயிருள்ள ஆளுக்கு ஒரு வரிகூட அவருக்குக் கிடைக்கவில்லை. வீட்டில் கைப்பேசியில் பதிவு செய்யலாமென்றால், "வேலை நேரம் முடிஞ்சா மைக்குக்கும் நமக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல," என்று எழுந்து போய்விடுவார். நான்கு ஆண்டுகளுக்கு முன், மருத்துவமனையில் ஜன்னலோரக் கட்டிலில், எந்த மூச்சை நீங்கள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னீர்களோ அது நின்றது. பன்னிரண்டாம் நாள் வேலைக்கு வந்துவிட்டீர்கள். வந்து உட்கார்ந்து, பாதியில் விட்ட படத்தில் அவர் கடைசியாகப் பேசியிருந்த வசனங்களிலிருந்து மூச்சை வெட்டினீர்கள். அந்த அறைக்குள் நுழைய அன்று எங்களில் யாருக்கும் தைரியம் வரவில்லை.

அதன் பின் தினமும் மதியம் நீங்கள் காதொலிப்பானை மாட்டிக்கொண்டு சாப்பிட்டதைப் பார்த்தோம். பழைய படம் எதையோ கேட்கிறீர்கள் என்று நினைத்தோம். நீங்கள் கேட்டது என்னவென்று வெகுநாள் கழித்துத் தேநீர் போடும் அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறீர்கள். வெட்டிய மூச்சை நீங்கள் எறியவே இல்லை. படம் முடிந்ததும் மூலப்பதிவையும் மிச்சத் துண்டுகளையும் அழித்துவிட வேண்டும் என்ற கூடத்தின் விதியை மீறி, இருபத்திரண்டு படங்களின் மூச்சையும் உங்கள் கணினியில் ஓரமாகச் சேர்த்து வைத்திருந்தீர்கள். நானூற்றுப் பன்னிரண்டு துண்டுகள். மொத்தம் பதினோரு நிமிடம் நாற்பது நொடி. "பேசுறது எல்லாம் படத்துல இருக்கு. அது அந்தந்தக் கதையில செத்தவன் பேசுறது. மூச்சு மட்டுந்தான் இவரோடது. அதைப் போட்டுக்கிட்டா சாப்பாடு எறங்குது," என்றீர்களாம்.

தேநீர் அம்மா எங்களிடம் அதைக் காலம் கடந்துதான் சொன்னார். முன்பே சொல்லியிருந்தால் இந்த மடல் முதல் பத்தியோடு முடிந்திருக்கும்.

இங்கே எங்கள் ஒலிப்பதிவாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். காது என்று பட்டப்பெயர். உண்மைப் பெயரை அவர் மனைவியே மறந்துவிட்டதாகக் கேள்வி. பக்கத்து அறையில் ஊசி விழுந்தால் அதைப் போட்டது எந்தக் கை என்று சொல்லிவிடுவார் என்பது அவரே பரப்பிய கதை. பதினான்கு மாதங்களுக்கு முன் மூட்டுவலிக்காக நீங்கள் பத்து நாள் விடுப்பில் போனீர்கள். முப்பதாவது ஆண்டுக்குப் பரிசாக உங்கள் பழைய கணினியை மாற்றிப் புதியதை வைத்து உங்களைத் திகைக்கவைக்கலாம் என்று யோசனை சொன்னது காதுதான். கைதட்டியது நாங்கள் எல்லோரும்.

பழையதிலிருந்து புதியதற்கு மாற்றும்போது, ஒலி அளவு குறைந்த துண்டுகளை இயந்திரமே தனியாக ஒதுக்கி, இவற்றில் ஒலி இல்லை, அழிக்கலாமா என்று கேட்டது. நானூற்றுப் பன்னிரண்டு துண்டுகள். பெயர் கிடையாது, எண் மட்டும். வசனம் இல்லாததெல்லாம் குப்பை என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். இருந்தாலும் காது அவசரப்படவில்லை. ஒன்றை எடுத்துப் பெரிய ஒலிபெருக்கியில் போட்டார். நாங்கள் ஆறு பேர் சுற்றி நின்று கேட்டோம். புஸ்ஸென்று ஏதோ வந்து அடங்கியது.

"என்னது இது?" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"ஏசி சத்தம்," என்றார் காது. "பழைய ரூம்ல ஒரு ஏசி இருந்துச்சே, அது."

பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் அத்தானுக்கு எதிரே உட்கார்ந்து பதிவு செய்தவர் காது. அந்த மூச்சை வசனத்தோடு கேட்டிருந்தால் தூக்கத்திலும் அடையாளம் சொல்லியிருப்பார். தனியாகக் கேட்டபோது தெரியவில்லை. எங்கள் ஆறு பேருக்கும் தெரியவில்லை. அழித்தோம். பழைய வட்டுகளைத் துடைத்து அடுத்த வாரமே வேறு படத்துக்குப் பயன்படுத்தினோம்.

நீங்கள் வந்தீர்கள். புதுக் கணினிக்குக் கட்டியிருந்த ரிப்பனைப் பார்த்துச் சிரித்தீர்கள். மதியம் காதைக் கூப்பிட்டு, "இதுல ஒரு ஃபோல்டர் இருந்துச்சேடா, மூச்சுத் துண்டு போட்டு வச்சிருந்தேனே?" என்று கேட்டீர்கள். காதுக்கு அந்த நொடியில் எல்லாம் விளங்கியது. "எங்கயாவது இருக்கும்க்கா. தேடித் தர்றேன்," என்றார். அழிந்த தரவை மீட்கும் கடைகள் மூன்றுக்கு வட்டுகளைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். மேலே வேறு பதிவாகிவிட்டது, வாய்ப்பே இல்லை என்று மூன்று பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். ஒரு வாரத்தில் தேடல் முடிந்தது. அதை உங்களிடம் சொல்ல மட்டும் யாராலும் முடியவில்லை. உங்கள் டப்பா தினமும் பாதியோடு மூடப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான்காம் மாதம் காது ஒரு காரியம் செய்தார். நான்கு மாடிப் படியை ஓடி ஏறி, இரைக்க இரைக்க இதே அறைக்குள் வந்து, தன் மூச்சைத் தானே பதிவு செய்து, பழைய படத்தின் இரைச்சலைக் கொஞ்சம் அடியில் சேர்த்து, "ஒரு துண்டு கெடச்சுதுக்கா," என்று கொண்டுவந்து கொடுத்தார். நீங்கள் மாட்டிக் கேட்டீர்கள். கண்ணை மூடி முழுவதும் கேட்டீர்கள். "நல்லது காது," என்று சொல்லிவிட்டு அன்று சாப்பாட்டை முழுதாகச் சாப்பிட்டீர்கள். எங்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஏமாந்துவிட்டீர்கள் என்று சந்தோஷப்பட்டோம், அக்கா. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நடந்தது அதுதான்.

போன வாரம், பணியில் சேர்ந்த தேதி சரிதானா என்று பார்த்துக்கொள்ள, இந்த மடலின் முதல் வரைவைக் காது உங்களிடம் கொண்டுவந்தார். அதில் ஒரு பத்தி இருந்தது. அழியாத அன்போடு அக்கரையில் அத்தான் உங்களுக்காகக் காத்திருக்கிறார், ஒருநாள் கைகோப்பீர்கள் என்று அழகாக எழுதியிருந்தோம். நீங்கள் பென்சிலை எடுத்து அந்தப் பத்தியைக் குறுக்கே அடித்தீர்கள்.

"அங்க யாரும் இல்ல காது," என்றீர்கள். "அத்தனை படத்தையும் வெட்டி ஒட்டினவ நான். எல்லாம் நம்ம ரூம்ல செஞ்சதுதானே."

காது தாளை வாங்கக் கை நீட்டினார்; நீங்கள் கொடுக்காமல் கேட்டீர்கள்:

"அந்த மூச்சு உன்னோடதுதானே? எத்தனை மாடி ஏறுன?"

"நாலுக்கா."

"அவருக்கு விடுறப்போ விசில் வரும். உனக்கு இழுக்கறப்போ வருது. மொத நொடியிலேயே தெரிஞ்சுபோச்சு." நீங்கள் கோபப்படவில்லை. "பரவால்ல. நிஜமானது கெடைக்கற வரைக்கும் நான் தாங்கணும்னு குடுத்தே. எனக்குப் புரிஞ்சுது. அதனாலதான் கேக்காம இருந்தேன். நீ தேடிட்டுத்தானே இருக்கே?"

"ஆமாக்கா," என்றார் காது.

நீங்கள் ஒரு தாளில் வீட்டுத் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தீர்கள். "நான் எங்கயும் போக மாட்டேன். வீட்டுலதான் இருப்பேன். ஒரே ஒரு துண்டு கெடச்சாக்கூடப் போதும், உடனே கூப்பிடு," என்றீர்கள். காது அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்து, படிக்கட்டில் உட்கார்ந்து அழுதார். அன்றுதான் முப்பது பேரும் கூடிப் பேசினோம். நாளை முதல் நீங்கள் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கப் போகிறீர்கள் என்பது எங்களுக்குத் தெரிந்தது. தனியாக வந்து சொல்லக் காதுக்குத் தெம்பில்லை, எங்களுக்கும் இல்லை. அதனால் எல்லோருமாகச் சேர்ந்து, பாராட்டு மடல் என்ற பெயரில் சொல்கிறோம். இப்போது இதை வாசித்துக்கொண்டிருப்பவரும் காதுதான்.

அக்கா, யாரும் தேடவில்லை. முதல் வாரத்துக்குப் பிறகு யாரும் தேடவே இல்லை. நானூற்றுப் பன்னிரண்டில் ஒன்றுகூட எங்கும் இல்லை. இனிமேல் கிடைக்காது. மணி அடித்தால் அது நாங்களாக இருக்க மாட்டோம்.

எங்களை மன்னிக்க வேண்டுமென்று கேட்க இந்த மடலில் இடம் வைக்கவில்லை. அதைக் கேட்டால் நீங்கள் உடனே கொடுத்துவிடுவீர்கள். பிறகு எங்களுக்கு லேசாகிவிடும், உங்களுக்கு அப்படியே இருக்கும்.

நலமும் நெடுவாழ்வும் நாடி முடிப்பது இத்தகைய மடல்களின் வழக்கம். வழக்கத்தை மீறத் தெரியாத எளியவர்களாய், வார்த்தைக்கு வறுமை வந்தவர்களாய், வணங்கி வாழ்த்துகிறோம்: மூட்டுவலி தீர்ந்து, முகம் மலர்ந்து, நூறாண்டு வாழ்க! அந்த ஆண்டுகளில் நீங்கள் எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க எதையும் நாங்கள் மிச்சம் வைக்கவில்லை என்று தெரிந்தேதான் வாழ்த்துகிறோம், அக்கா.

இவண்,
உங்கள் குரலேற்றுக் கூடத்தின் ஊழியர்கள் முப்பது பேர்.
முதல் கையெழுத்து: காது, ஒலிப்பதிவாளர்.