உள்ளிருந்து வெளியே, நேராக

அங்க வெக்காதீங்கத்த. டிஸ்க்கோட பளபளன்னு கீற பக்கம் மேசைல படக்கூடாது. இப்டிக் குடுங்க. நடுவுல வெரல் வெக்காதீங்க, ஓரத்தப் புடிங்க. ஆங், அப்டித்தான். நாலு வருஷம் கழிச்சி வாசப்படி ஏறி வந்தவங்கள, வந்ததும் வராததுமா மருமவ அதிகாரம் பண்றாளேன்னு நெனைக்காதீங்க. ஆறு வருஷம் இத ஓட்ற மெஷின செஞ்ச கை இது. தப்பாப் புடிக்கறதப் பாத்தா தாங்காது.

ஒக்காருங்க. அந்தச் சேர் வாணாம், கால் ஆடும். சேரப்பணஞ்சேரிலேந்து ஒரகடம், ஒரகடத்துலேந்து மறைமல நகர், ரெண்டு பஸ் மாறி வந்துகீறீங்க, மொதல்ல தண்ணி குடிங்க. அட்ரஸ் யாரு குடுத்தா, மஞ்சுளாவா? நெனச்சேன். உங்க பொண்ணுக்கு எம்மேல எப்பவுமே கொஞ்சம் எரக்கம். உங்களுக்குத் தெரியாம போன் பண்ணுவா. ஐயோ, சொல்லிட்டனா? சரி, போயி அவளத் திட்டாதீங்க.

வாலாஜாபாத்துல காட்னீங்களா? அந்தக் கடக்காரன் இன்னா சொன்னான்? டிஸ்க்கு போச்சி, தூக்கிப் போடும்மான்னானா. அவனுக்கு இன்னா தெரியும், மெமரி கார்டு விக்கத் தெரியும். இத ஓட்ற டிரைவ் உள்ள இன்னா நடக்குதுன்னு தெரிஞ்ச ஆளு இந்த ரோட்டுல இன்னும் நாலு பேர் இருந்தா அதிகம். அத செஞ்ச எங்க கம்பெனியே மூடி எட்டு வருஷம் ஆவுது. நான் இப்ப கார் லைட்டு செக்கிங்ல கீறேன். அது வேற கத.

மொதல்ல ஓட்டிப் பாத்துடலாம். இந்த டிரைவு எங்க கம்பெனி லைன்ல கழிச்ச பீஸு, மேல் மூடி கெடையாது. கம்பெனி மூடின கடசி நாளு கேட்டு வாங்கியாந்தேன். டிஸ்க்கு சுத்தும்போது கிட்டப் போய்க் குனியாதீங்க, வெளிச்சம் கண்ணுக்கு ஆவாது. கம்ப்யூட்டரப் பாருங்க, படம் அதுலதான் வரும்.

வருது பாருங்க. எங்க கம்பெனி டே விழா. பந்தலு, சீரியல் பல்பு, மொத வரிசைல ஆபீசருங்க. அடுத்து மெயின்டனன்ஸ்லேந்து இனியவன்னு கூப்புட்றாங்க. வராரு உங்க புள்ள. மைக்க ரெண்டு கையால புடிக்கறாரு, பயம். இப்ப மேனேஜர் மாதிரி நடந்து காட்றாரு. சிரிக்கறாங்க பாருங்க. இப்பத்தான் உங்கள மாதிரி பேசப் போறாரு. எங்கம்மா என்ன காலைல எழுப்பற அழகக் கேளுங்கன்னு சொல்லிட்டு, டேய்...

நின்னுட்ச்சா. டேய், டேய், டேய்னு அங்கயே நிக்குதா. மூஞ்சி பாதி கட்டம் கட்டமா ஒடஞ்சிட்ச்சி. வூட்லயும் இதே எடத்துலதான் நிக்குமா? இதுக்கப்பறம் ஒண்ணுமே வராதா? ம். அவரு பேசறது மொத்தமே ரெண்டு நிமிஷம். அந்த ரெண்டு நிமிஷம்தான் உங்களுக்கு வோணும். வேற எதுலயும் அவர் கொரலு கெடையாது. தெரியும், அத்த. எனக்குத் தெரியாதா.

அழாதீங்க. லென்சு தெறந்து கீது, ஒரு சொட்டு பட்டாலும் போச்சி. கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க. எங்க போச்சி, எதுனால போச்சின்னு சொல்றேன், கேளுங்க. வரிசையாச் சொன்னாத்தான் எனக்கும் வரும்.

இந்த டிஸ்க்குல ஒரே ஒரு ரோடுதான். நடுவுல ஆரம்பிச்சி, கொசுவத்திச் சுருள் மாதிரி சுத்திக்கினே ஓரத்துக்குப் போவுது. உங்க தலமுடி ஒண்ண எடுத்து மேல வெச்சா, அதுக்கு அடில கிட்டத்தட்ட நூறு சுத்து அடங்கிடும். அவ்ளோ சன்னம். லேசரு வெளிச்சம் அந்த ரோட்ட வுட்டு அந்தாண்ட இந்தாண்ட போவாம ஓடணும். எப்டி ஓடும்? பழைய ரெக்கார்டு ப்ளேட்டுன்னா முள்ளு பள்ளத்துல ஒக்காந்துக்கும், பள்ளமே இழுத்துக்கினு போயிடும். இது தொடறதே இல்லியே. வெறும் வெளிச்சம்.

தோ, உளுந்து மாதிரி ஒண்ணு தெரியுது பாருங்க, அதான் லென்சு. அது எதுமேலயும் ஒக்காந்துக்கினு இல்ல, நாலு கம்பில தொங்குது. அந்தக் கம்பிய ஒட்றதுதான் என் வேல. மைக்ரோஸ்கோப்ல கண்ண வெச்சா டீ பிரேக் மணி அடிச்சாத்தான் எடுப்பேன். நீங்க ஊர்ல எல்லார்கிட்டயும் இன்னா சொன்னீங்க? மருமவ டப்பாவுக்குக் கோந்து ஒட்றான்னீங்க. ஒட்றதுதான். தப்பில்ல.

கீழேந்து வெளிச்சம் போயி டிஸ்க்குல பட்டுத் திரும்பி வரும். வந்து வுழற எடத்துல ஒரு கண்ணு கீது, நாலு துண்டா வெட்டின கண்ணு. தூரம் சரியா இருந்தா வெளிச்சம் வட்டமா வுழும், நாலு துண்டுலயும் சமமா. டிஸ்க்கு கிட்ட வந்துட்டா அந்த வட்டம் முட்டை மாதிரி ஒரு பக்கம் சாஞ்சி நீளும். தூரப் போனா எதிர்ப்பக்கம் சாஞ்சி நீளும். எந்தப் பக்கம் ஜாஸ்தின்னு பாத்து, பக்கத்துல கீற கம்பிச் சுருளுக்குக் கரண்டு வுட்டு, லென்ச மேல தூக்கும், கீழ எறக்கும். இது ஒசரத்துக்கு. எடது வலதுக்கு வேற ஏற்பாடு. பெரிய வெளிச்சத்துக்கு ரெண்டு பக்கமும் சின்னதா ரெண்டு வெளிச்சம் கூடப் போவும். அது ரெண்டும் சமமாத் திரும்பி வந்தா நடு ரோட்டுல கீறோம்னு அர்த்தம். ஒண்ணு கூட, ஒண்ணு கொறச்சன்னா வெலகிட்டோம். ஒடனே தள்ளும். ஒரு செகண்டுல ஆயிரம் தடவைக்கு மேல தள்ளிக்கினே இருக்கும். ஏன்னா எந்த டிஸ்க்கும் ஒழுங்கா சுத்தாது. நடு ஓட்டை ஒரு மயிரிழை தள்ளித்தான் இருக்கும், ரோடு ஆடிக்கினேதான் வரும்.

வேடிக்க இன்னா தெரியுமா? ரோடு எங்க கீதுன்னு அதுக்குத் தெரியாது. தப்பு எவ்ளோன்னு மட்டும்தான் தெரியும். ட்ரெய்னிங்ல இதச் சொன்னப்ப எனக்குப் புரியல. உங்க வூட்டுக்கு வாழ வந்தப்பறம் சட்டுனு புரிஞ்சிட்ச்சி. சாம்பார்ல உப்பு, கோலத்துல கோணல், ஷிப்ட்டு வுட்டு வரசொல்ல பத்து நிமிஷம் லேட்டு. நான் சரியா நின்ன எடம் ஒண்ணக்கூட நீங்க பாத்ததில்ல. ஆனா ஒரு வித்தியாசம் கீது. அந்தக் கண்ணு தப்பக் கண்டுபுடிச்சா தன்னத்தான் நவுத்திக்கும்.

கோச்சிக்காதீங்க. எழுந்து போயிட்டா நஷ்டம் உங்களுக்குத்தான். ஒக்காருங்க. ஆங்.

இப்ப டிஸ்க்க லைட்டுக்கு நேரா புடிங்க, சாய்ச்சிப் பாருங்க. கீறல் தெரியுதா? எந்தப் பக்கமாப் போவுது? நடுவுலேந்து ஓரத்துக்கா, சுத்திப் போவுதா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. சுத்தித்தான. குறுக்க போற கீறலா இருந்தா கவலையே இல்ல. லேசரு கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள தாண்டிடும். நடுவுல வுட்டுப்போனது கொஞ்சம்னா, அத ரொப்பிக்கத் துணைக்குறிப்பும் டிஸ்க்குலயே எழுதி வெச்சிருப்பாங்க. உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஆனா வட்டக் கீறலு ரோடு போற பக்கமே போவுது. லேசரு அதுக்குள்ள எறங்கிட்டா வெளிய வர வழியில்ல. கீறலையே ரோடுன்னு நெனச்சி அது பின்னாலயே ஓடும். அப்பால தெகச்சிப் போயி, பழைய எடத்துக்குத் திரும்பி வந்து, மறுபடி மொதல்லேந்து பாக்கும். அதான் உங்களுக்கு டேய், டேய்னு கேக்குது.

யாரு கீறினதா? நீங்க யாருன்னு நெனச்சீங்க? நிலாவா? மஞ்சுளா பொண்ணு நிலாவா? அடிச்சீங்களா? அத்த, அதுக்கு ஏழு வயசு. கரண்டியாலயா? நல்லா கீதே. ரெண்டு நா சோறு துன்னாம இருந்துச்சா. மஞ்சுளா எங்கிட்டக்கூடச் சொல்லலியே.

கொழந்த கீறினா கோணலும் மாணலுமாக் கீறும், அத்த. இது அப்டி இல்ல. ஒரே கை, ஒரே அழுத்தம், ஒண்ணுமேல ஒண்ணு எத்தினி நூறு வாட்டியோ. இந்த மாதிரி ஒழுங்கா கீற பொறுமை அந்த வூட்ல ஒருத்தருக்குத்தான் உண்டு.

உங்க கைதான்.

தெனம் பாத்து முடிச்சதும் முந்தானையால தொடச்சித்தான பீரோல வெப்பீங்க? எப்டித் தொடப்பீங்க, செஞ்சி காட்டுங்க. பாத்தீங்களா, தட்டு கழுவற மாதிரி சுத்திச் சுத்தி. எங்களுக்கு மொத நாள் மொத பாடமே டிஸ்க்கு தொடைக்கறதுதான். ஜாஸ்மின் மேடம்னு ஒருத்தங்க எடுப்பாங்க. உள்ளேந்து வெளிய, நேரா. இத நூறு வாட்டி எல்லாரும் ஒண்ணாச் சொல்லணும். மறந்தாப்ல வட்டமா தொடச்சிட்ட பொண்ணுக்கு அன்னிக்கி லைன்ல எடம் கெடையாது. கேன்டீன் வாசல்ல பெஞ்சுல ஒக்கார வெச்சிடுவாங்க, எல்லாரும் சாப்புடப் போவும்போது பாக்கற மாதிரி. நான் ஒரு நா கூட அந்த பெஞ்சுல ஒக்காந்ததில்ல.

இருங்க, இன்னும் முடியல. வெறும் துணிக்கு இவ்ளோ ஆழம் வராது. கீறலுக்குள்ள வெள்ள வெள்ளயா இன்னாமோ ஒக்காந்துகீது. இந்த வாசன... விபூதியா? மங்கலாத் தெரியுதுன்னு விபூதி போட்டுத் தேச்சீங்களா? வெள்ளிக் குத்துவெளக்கத் தேய்க்கற மாதிரியா? எத்தினி நாளா? வாரா வாரம் வெள்ளிக்கெழமையா. நாலு வருஷத்துக்கும் மேலயா. வெள்ளி தாங்கும். இது பிளாஸ்டிக், அத்த. உப்புத்தாள் போட்டுத் தேச்ச மாதிரிதான். உங்க புள்ள கொரல வாரம் தவறாம நீங்களே தேச்சி எடுத்துகீறீங்க.

இதுக்கு விபூதி போடுன்னு யாரு சொன்னாங்க? ஞாபகம் இல்லியா. யோசிங்க, அவசரம் இல்ல.

பல்லு வெளக்கற பேஸ்ட்டு போட்டா சரியாவுமான்னா கேக்கறீங்க? மேலாக்க கீறி இருந்தா மெஷின்ல குடுத்து இழச்சிடலாம். நெகத்த வெச்சி மெதுவா இழுத்துப் பாருங்க. மாட்டுதா? நெகம் மாட்டினா முடிஞ்சிதுன்னு எங்க லைன்ல ஒரு கணக்கு. ரெண்டாவது நெகமும் போட்டுப் பாக்கறீங்களா? பாருங்க. எல்லா நெகமும் மாட்டும்.

காப்பியா? எங்கிட்ட இல்ல. மேடை ஏறினவங்களுக்குத்தான் டிஸ்க்கு குடுத்தாங்க, நான் கீழ ஒக்காந்து கைதட்டினவ. கூட மேடை ஏறினவங்களா? அவங்கவங்க ஆட்டத்த மட்டும்தான் தனித்தனியாப் போட்டுக் குடுத்தாங்க. படம் புடிச்ச ஸ்டூடியோக்காரரு செத்தே போனாரு. உங்க புள்ள போனு, அவரு செத்த அன்னிக்கி லாரிச் சக்கரத்துக்கு அடிலயே நசுங்கிட்ச்சி. என் போன்ல போட்டோ கீது. பேசாது.

மெய்யாத்தான் சொல்றேன். வெச்சிக்கினு இல்லன்னு சொல்ற சாமர்த்தியம் எனக்கு இல்ல. இருந்திருந்தா அந்த ரெண்டு வருஷம் அப்டி நின்னிருப்பனா? அவரு போனப்பறம் ரெண்டு வருஷம் உங்க வூட்ல இருந்தேனே. சாயங்காலம் அஞ்சரை ஆனா நீங்க ரூமுக்குள்ள போயி கதவச் சாத்திப்பீங்க. அவரு கொரலு வெளிய கேக்கும். நான் அடுப்ப அணைச்சிட்டு நிப்பேன், கொதிக்கற சத்தத்துல ஒரு வார்த்த வுட்டுப் போயிடக்கூடாதுன்னு. ஒரே ஒரு நா கதவத் தெறந்தேன். நீங்க ரிமோட்ட எடுத்து நிறுத்திட்டு இன்னா வோணும்னீங்க. நானும் பாக்கறேன் அத்தன்னேன். நீ பாத்தவரைக்கும் போதும், உன் கண்ணு பட்டுத்தான் அவன் போனான்னீங்க. கதவச் சாத்திக்கினு மறுபடி மொதல்லேந்து போட்டீங்க. ஞாபகம் இல்லியா? பரவால்ல. அதெல்லாம் நீங்க ஞாபகம் வெச்சிக்க வோண்டியதில்ல.

இன்னாத்த, அப்டிப் பாக்கறீங்க? ஞாபகம் வந்துட்ச்சா?

ஆமா. விபூதி போடச் சொன்னது மஞ்சுளாவும் இல்ல, கோயில் குருக்களும் இல்ல. நீங்க எம்மூஞ்சில கதவச் சாத்தின அதே ஆடி மாசம். நான் அரிசி களஞ்சிக்கினு இருந்தேன். நீங்களே டிஸ்க்க எடுத்துக்கினு சமையக்கட்டுக்கு வந்தீங்க. படம் மங்குதுடி, நீதான் அந்தக் கம்பெனில இருந்தவளாச்சே, இத எதால தொடைக்கணும்னு கேட்டீங்க. கல்யாணம் ஆன நாளா என் வேலயப் பத்தி நீங்க கேட்ட ஒரே கேள்வி. கையத் தொடச்சிக்கினு வாங்கிப் பாத்தேன். ஒண்ணுமே இல்லத்த அதுல. கை எண்ணெ, கொஞ்சம் தூசி, முந்தானைக் கோடு லேசா. ஈரத்துணியால நேரா நாலு இழுப்பு இழுத்திருந்தா பளிச்சுன்னு வந்திருக்கும். இது போனா அவரு கொரலு எனக்கும் வேற எங்கயும் இல்லன்னு தெரியும். அதையும் அங்கயே நின்னு யோசிச்சேன். அவசரப்பட்டுச் சொல்லல.

விபூதி போடுங்கத்த, வட்டமா, நல்லா அழுத்தித் தேய்ங்கன்னு சொன்னேன். சரிடி தாயின்னு எந்தலையத் தடவிக் குடுத்துட்டுப் போனீங்க. மொத தடவையா.