கோடு வளையும் இடம்

இதுவும் தாமிரம்தான் மேடம், ஆனால் உங்கள் வீட்டுச் சொம்பு மாதிரி நினைத்துவிடாதீர்கள். ஆக்சிஜனோடு அடுக்கடுக்காகக் கலந்த கறுப்புப் படிகம். மிளகு அளவுதான் இருக்கும். நன்றாகக் குளிரவைத்தால் மின்தடையே இல்லாமல் போய்விடும். அதற்கு முன்பு உள்ளே இன்னொன்று நடக்கிறது. ஓடித்திரிகிற எலக்ட்ரான்கள் வரிசை கட்டி நிற்கப் பார்க்கும், ரேஷன் கடைக்குப் பாமாயில் வந்தால் நாம் நிற்கிற மாதிரி. மின்னூட்ட வரிசை என்போம். அது வந்தால் கணினித் திரையில் கோடு லேசாக வளையும்.

ஆக்சிஜனைக் கூட்டினால் வரிசை குலையும். எந்த அளவில் முழுக்கவே குலைகிறதோ, அதைக் குவாண்டம் மாறுநிலைப் புள்ளி என்கிறார்கள். அப்படி ஒன்று உண்டா என்று உலகம் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. நான் புதுக்கோட்டையில் இருந்துகொண்டே, ஆக்சிஜன் அதிகமான என் கடைசிப் படிகத்தில் கோடு வளையாததை வைத்துக் கண்டுபிடித்துவிட்டேன். சரவணக்குமார், கீரனூர் என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, பக்கத்தில் ஆராய்ச்சியாளர் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடக்கமாகவே சொல்கிறேன். எங்கள் கல்லூரியில் திரவ நைட்ரஜன்தான் உண்டு. அதை வைத்து ஓரளவுக்குத்தான் குளிரவைக்க முடியும். அதற்குக் கீழே தனிச்சுழி வரைக்கும், அதாவது குளிரின் கடைசி எல்லை வரைக்கும், நான் ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்தேன். நேராகத்தான் இழுத்தேன்.

கட்டுரை வெளியானதும் பழனிச்சாமி மாமா கீரனூர் பேருந்து நிலையத்தில் பிளக்ஸ் வைத்தார். ‘தாமிரத்தின் ரகசியம் உடைத்த தங்கமே’ என்று. என் தலையை யாருடைய கோட்டு சூட்டிலோ ஒட்டியிருந்தார்கள். திருச்சி போகிற பேருந்தெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டு போயின. அடுத்த மாதம் எனக்கு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. இந்த நிலையில் ஒரு மனிதன் தன் கண்டுபிடிப்பைத் திரும்பப் பெற முடியுமா என்று நீங்களே சொல்லுங்கள்.

ரஞ்சிதா என் ஜூனியர். கந்தர்வகோட்டைப் பக்கம் முந்திரித் தோப்புக்காரர் மகள். நல்ல பெண், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஒருநாள் கருவியில் படிகத்துக்குப் பதிலாக ஒரு கம்பியை மாட்டி அளந்திருக்கிறாள்.

“அண்ணே, இது எங்க தோப்பு மோட்டார்ல கழட்டுன சாதாச் செப்பு ஒயரு. இதுக்கும் வளையுது பாருங்க. ஒயருக்குள்ளயும் பாமாயில் ஊத்துறாங்களோ?”

அந்த உவமை என்னுடையது. எடுத்தாளும்போது அனுமதி கேட்கிற வழக்கம் அவளிடம் இல்லை.

“வெப்பநிலை காட்டுற சென்சாரு குளிர்ல ஒட்டு விடுதுண்ணே. பசை எப்ப விடுதோ அப்ப வளையுது. கடைசிப் படிகத்துக்கு மட்டும் புதுப் பசை போட்டீங்கள்ல, அதான் அது வளையல.”

அதாவது என் குவாண்டம் மாறுநிலைப் புள்ளி ஒரு பசை டியூப். சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

“புதுப் பசை போட்டு ஒங்க மொதப் படிகத்தையே திரும்ப அளந்துருவோம். வளைஞ்சா ஒங்களுக்குத்தான் பெருமை. வளையலேன்னா நாமளே நம்ம கைடு ஞானமணி சார்கிட்டச் சொல்லிக்கிருவோம்ண்ணே.”

நாமளே என்றாள். என் தவறில் பங்குக்கு வருகிற அளவுக்கு உரிமை எடுத்துக்கொண்டாள். இருந்தும் நானே உதவுகிறேன் என்றேன்.

அந்த அறை சின்னது. தூசி வராமல் ஜன்னலைத் தெர்மாகோலால் அடைத்திருப்போம். நைட்ரஜன் ஆவியாகிக்கொண்டே இருக்கும். நிறமில்லை, வாசனையில்லை, அறையில் இருக்கிற நல்ல காற்றை மட்டும் மெல்ல வெளியே தள்ளிவிடும். அதற்காக எக்ஸாஸ்ட் ஃபேன் உண்டு, சுவிட்ச் வராந்தாவில். ஃபேன் அதிர்வில் அளவு நடுங்குகிறது என்று அவளே குறைப்பட்டிருக்கிறாள். அதனால் நிறுத்தினேன். படிகத்துக்குக் குளிர் போதாமல் போகக் கூடாதென்று பெரிய நைட்ரஜன் கொள்கலனை முதலிலேயே உள்ளே வைத்து மூடியைத் திறந்துவிட்டிருந்தேன். ஆக்சிஜன் அலாரம் கத்திக் கவனத்தைக் கலைக்கும், அதன் பேட்டரியை எடுத்திருந்தேன். ஏசி வீணாகாமல் கதவைச் சாத்தினேன். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் பொறுப்பான மாணவன் செய்கிற காரியம். நான்கும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். ஜூனியர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பது நான்தான்.

உள்ளேயிருந்து கேட்டாள், “அண்ணே, ஃபேன் ஓடுதா?”

“ஓடுதும்மா, நீ ரீடிங்கப் பாரு.”

இந்த விஷயத்தில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.

கேன்டீனில் டீ குடித்துவிட்டு வந்து கதவைத் திறந்தேன். முறைப்படி கத்தினேன். இரங்கல் கூட்டத்தில் நான் பேசியபோது கல்லூரி முதல்வரே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்று மட்டும் உங்களுக்குத் தெரிய வேண்டும். அவள் விழுந்த பிறகும் கணினி அளந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. அதிர்வு இல்லை, ஆள் நடமாட்டம் இல்லை, புதுப் பசை வேறு. இவ்வளவு சுத்தமான அளவீடு எங்கள் கல்லூரியில் யாருமே எடுத்ததில்லை. அதை நான் பார்ப்பதற்குள் நீங்கள் சீல் வைத்து எடுத்து வந்துவிட்டீர்கள்.

எனக்கு வக்கீல் வேண்டாம், ஜாமீனும் வேண்டாம். கட்டுரையில் அவள் பெயரையும் இரண்டாவதாகச் சேர்த்துவிடுகிறேன், அவ்வளவு நியாயம் எனக்கும் தெரியும். அந்தக் கணினி அடுத்த அறையில்தானே இருக்கிறது. ஒருமுறை திறந்து, அந்தக் கோடு வளைகிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்கிறீர்களா மேடம்?