தொரோத்தேயின் தலைமீது ஒரு கடன்

எனக்கு மேடு ஏறுவது பிடிக்காது. ஜெனீவாவில் பணக்காரர்கள் எல்லாரும் மேட்டில்தான் குடியிருக்கிறார்கள். வைத்தியன் ஏறித்தான் ஆகவேண்டும். பதினோரு ஆண்டுகள் ஏறிவிட்டேன், நீதவான் அவர்களே. அதனால் உட்கார்ந்தே பேசுகிறேன்.

தொரோத்தே எப்படிச் செத்தாள் என்று கேட்டீர்கள். முதலில் பிரெஞ்சு அரசர் கடன் வாங்கிய விதத்தைச் சொல்கிறேன். உங்களுக்குத் தெரியாததல்ல, உங்கள் வீட்டுப் பணமும் அதில் இருக்கலாம். கடன் கொடுப்பவர் யாராவது ஒருவருடைய பெயரைச் சொல்லவேண்டும். அந்த ஆள் உயிரோடு இருக்கும்வரை ஆண்டுதோறும் நூற்றுக்குப் பத்து. கிழவன் பெயருக்கும் பத்து, குழந்தை பெயருக்கும் பத்து. வயதைக் கேட்கவேண்டும் என்றுகூட அந்த அரண்மனையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நம் ஊர் வங்கிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அம்மை கண்டு பிழைத்த, நல்ல குடும்பத்துச் சிறுமிகள் முப்பது பேரைப் பொறுக்கி எடுத்தார்கள். ஊர்ப் பணத்தையெல்லாம் அந்த முப்பது தலைகள்மீது வைத்தார்கள். ஏழு பேருக்கு நான் வைத்தியன். தொரோத்தே உயிரோடிருக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் அரசர் இரண்டு லட்சம் லிவர் பணம் தரவேண்டும்.

அவளுக்கு வயது ஒன்பது. ஏரியில் படகேற விடமாட்டார்கள், பனியில் சறுக்க விடமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் தரகர்கள் நின்று அவள் இருமுகிறாளா என்று பார்ப்பார்கள். ஒருமுறை வேண்டுமென்றே இருமினாள். மதியத்துக்குள் அவள் பெயரிலிருந்த கடன் பத்திரங்களின் விலை இறங்கிவிட்டது. வங்கிக்காரர் கார்தல் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"ஏம்மா, உனக்கு விளையாட்டா இருக்கா? நீ இருமினா எத்தனை குடும்பம் படுத்துரும் தெரியுமா?"

"அப்போ அவங்களுக்கும் கஷாயம் குடுங்க."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளை எனக்கு மிகவும் பிடிக்கும். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

என் தம்பி பிளேஸ் எல்லைக்கு அந்தப் பக்கம், பிரெஞ்சு நாட்டில் மாகோன் அருகே உழுது பிழைக்கிறான். அங்கே பிரபுக்களுக்கு நிலவரி கிடையாது, குருமார்களுக்கும் கிடையாது. பிளேஸுக்கு உண்டு. வசூலாவதில் பாதி, அரசர் வாங்கிய கடனின் வட்டிக்கே சரியாகிவிடும். ஆயிரத்து எழுநூற்று எண்பத்தேழில் வரி பாக்கிக்காக அவனுடைய பசுவை ஓட்டிக்கொண்டு போனார்கள். பால் இல்லாமல் கைக்குழந்தை போயிற்று. அதைச் சொல்ல நடந்தே வந்தான்.

"ராஜாகிட்ட இல்லாத பணமா, அண்ணே? எங்கதான் போகுது எல்லாம்?"

எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். வாரம் இரண்டு முறை அதன் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஜனவரியில் தொரோத்தேக்குச் சளி பிடித்தது. சாதாரணச் சளி.

"எவ்வளவு ரத்தம் வேணும்னாலும் எடுங்க டாக்டர், பொண்ணு பொழைச்சா போதும்," என்று கார்தல் கையைப் பிசைந்தார்.

நல்ல வெயில் அடிக்கும் மதியம். கை நரம்பைக் கீறி இரண்டு கிண்ணம் ரத்தம் எடுத்தால் வைத்தியம். நான் அதோடு நிறுத்தவில்லை.

"போதுமா டாக்டரய்யா? தூக்கம் தூக்கமா வருது."

"இன்னும் கொஞ்சம்தான், கண்ணு. குணமானதும் உன்னைப் படகுல கூட்டிட்டுப் போறேன்."

"பொய் சொல்லாதீங்க. கார்தல் ஐயா விடமாட்டாரு."

பிறகு அவள் பேசவில்லை. வலியும் இருந்திருக்காது. அடக்கத்தன்று ஊரே அழுதது. பாதிப்பேர் தங்கள் பணத்துக்காக அழுதார்கள். கார்தல் என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களால் ஆனதெல்லாம் செய்தீர்கள் என்றார்.

அவள் பெயருக்கான வட்டி நின்றதால் பிளேஸின் வரி குறையும் என்று காத்திருந்தேன். ஒரு சல்லிகூடக் குறையவில்லை. மிச்சமான இரண்டு லட்சம் வேறு யாருடைய வட்டிக்கோ போயிருக்கும். ஆகஸ்டில் கஜானா கையை விரித்தது. வேறு வழியில்லாமல் அரசர் அடுத்த ஆண்டு நாட்டுப் பிரதிநிதிகளைக் கூட்டினார். கூடியவர்கள் கலைய மறுத்தார்கள். நாடே கிளர்ந்தெழுந்தது, மற்றது உங்களுக்குத் தெரியும். போன மாதம் பிளேஸ் மறுபடி வந்தான். புருவம் பொசுங்கியிருந்தது.

"வரிப் புஸ்தகத்தையெல்லாம் கொளுத்திட்டோம், அண்ணே! அரை மணி நேரங்கூட ஆகல. இதுக்கா இத்தன வருஷம் பயந்துகிட்டுக் கெடந்தோம்?"

நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து அவன் என் முதுகைத் தட்டிக்கொடுத்தான்.

அவன்மேல் குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் அது பொறுமை இல்லாதவர்கள் வழி. தொரோத்தே போயும் வரி குறையாதபோது, ஒருத்தி போதவில்லை என்றுதான் எனக்குப் பட்டது. நீங்கள் அவளைப் பற்றி மட்டுமே கேட்டீர்கள். என்னிடம் ஒப்படைத்த ஏழு பேரில் இப்போது நான்கு பேர்தான் இருக்கிறார்கள். மூன்று பெயரையும் சொல்கிறேன். கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள். என் கவனிப்பில் ஒரு குழந்தைக்கும் ஒரு குறையும் இருந்ததில்லை என்று கீழே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.