சிவப்புச் சட்டை நாள்

பிள்ளைகளுக்கு வேனில் போவதென்றால் கொள்ளை ஆசை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா. உங்கள் ஸ்டேஷனில் எல்லோரும் நான் அவர்களை ஊர் ஊராக இழுத்தடித்ததாகப் பேசுகிறார்கள். ஜன்னலோர இடத்துக்கு அவர்கள் அடித்துக்கொள்வதைப் பார்த்திருந்தால் யாரும் அப்படிப் பேசமாட்டார்கள்.

என் பொறுப்பில் இரண்டு இல்லங்கள். ஒன்று பெரம்பலூர் மாவட்டத்தில், பூலாம்பாடிப் பக்கம். இன்னொன்று அரியலூரைத் தாண்டி உடையார்பாளையத்தில், முந்திரித் தோப்பை ஒட்டி. பார்த்துக்கொள்ள ஆளில்லாத பிள்ளைகளை அரசாங்கம் எங்களிடம் ஒப்படைக்கும். நாங்கள் சோறு போட்டுப் படிக்கவைப்போம். அதிகாரிகள் அவ்வப்போது வந்து பார்ப்பார்கள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று, சொந்தக்காரர்கள் இருக்கிற பிள்ளைகளை வீட்டுக்கே அனுப்புங்கள் என்றார்கள். உடையார்பாளையம் பிள்ளைகளுக்கு எங்கிருந்தோ அத்தைகளும் சித்தப்பாக்களும் முளைத்து வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கட்டில் எல்லாம் காலி. பிள்ளைகள் இல்லாவிட்டால் அரசு உதவி நின்றுவிடும், அனுமதியும் போய்விடும். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த கட்டடம், ஐயா. எனக்கு மனசு கேட்கவில்லை.

பூலாம்பாடியில் பதினெட்டுப் பையன்கள் இருந்தார்கள். அவர்களையே உடையார்பாளையத்திலும் இருக்கச் சொன்னேன். நான் செய்தது அவ்வளவுதான்.

இரண்டு மாவட்டத்துக்கும் வேறு வேறு அதிகாரிகள். அவர்கள் வருகிற நாள் எப்படியும் எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். பூலாம்பாடியில் நீலச் சட்டை, இடப்பக்கம் வகிடு. உடையார்பாளையத்தில் சிவப்புச் சட்டை, வலப்பக்கம் வகிடு. நீலத்துக்கு அவனவன் சொந்தப் பெயர். சிவப்புக்கு நான் யோசித்து யோசித்து வைத்த பெயர். சிவப்புச் சட்டை நாளில் பள்ளிக்கூடத்துக்கு வயிற்றுப்போக்கு என்று சொல்லி அனுப்புவோம். மாதம் தவறாமல் பதினெட்டுப் பேருக்கும் வயிற்றுப்போக்கு வந்ததால், தலைமையாசிரியர் எங்கள் சமையற்காரம்மா மலர்க்கொடியைத்தான் சந்தேகப்பட்டார். பாவம், அந்த அம்மா ரசத்தில் மிளகைக் குறைத்துப் பார்த்தது.

பையன்கள் நான் நினைத்ததைவிடக் கெட்டிக்காரர்கள். கொளஞ்சியப்பன் என்று ஒருவன், எட்டு வயது, முன்பல்லில் பாதி உடைந்திருக்கும். சிவப்பில் அவன் பெயர் சரத்குமார். "சார், சரத்குமார் என் பென்சில தொலைச்சுட்டான்" என்று வந்து நிற்பான். ஒருநாள் காய்ச்சலுக்கு ஊசி போட நர்ஸ் வந்தபோது, "காய்ச்சல் சிவப்புச் சட்டைக்குத்தாங்க வந்துச்சு, நான் நீலமுங்க" என்றான். நர்ஸ் உட்பட எல்லோரும் சிரித்தோம்.

நான் யாரையும் அடித்ததில்லை. சிவப்புச் சட்டை நாளில் பின்னாலிருந்து சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். திரும்பிப் பார்த்தவனுக்கு அன்றைக்கு முட்டை கிடையாது. திரும்பாதவனுக்கு வேனில் ஜன்னலோரம். கொளஞ்சியப்பன் முதல் தடவை திரும்பினான், அழுதான். பிறகு ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

அவனுக்கு அம்மா உண்டு. பொன்னுத்தாய். புருஷன் இறந்து, தனக்கும் பெரிய ஆபரேஷன் என்றதும், பையனைத் தானே கொண்டுவந்து ஒப்படைத்தவள். உடம்பு தேறியதும் பையனை அழைத்துப்போக உத்தரவு வாங்கிக்கொண்டு பூலாம்பாடிக்கு வந்தாள். எனக்குச் சங்கடமாகிவிட்டது. அவளுக்கு ஒரு பையன்தான், ஐயா. அவன் போனால் எனக்கு இரண்டு பேர் குறைவார்கள். "டூர் போயிருக்கான்மா, அப்புறமா வாங்க" என்றேன். மறுபடி வந்தாள். உடையார்பாளையத்தில் விளையாட்டுப் போட்டி என்றேன். மெனக்கெட்டு பஸ் ஏறி அங்கேயும் போனாள். அங்கே என் ஆட்கள், "கொளஞ்சியப்பன்னு இங்க யாரும் இல்லையேம்மா" என்றார்கள். அது பொய்யில்லை. அங்கே என்றைக்குமே சரத்குமார்தான். எனக்குப் பொய் பிடிக்காது.

போன வாரம் அரியலூருக்குப் புதிதாக வந்த அதிகாரி ஜெயசுதா மேடத்திடம் பெரம்பலூரையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். காலையில் பூலாம்பாடி, சாப்பாட்டுக்குப் பிறகு உடையார்பாளையம் என்றார். அப்போதும் நான் பதறவில்லை. அவர் அரியலூரில் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில், டிரைவர் பூமாலை சிமெண்டு லாரிகளுக்கு நடுவே புகுந்து வேனை முந்தவைத்துவிட்டார். பிள்ளைகள் ஓடுகிற வேனிலேயே சட்டையை மாற்றி, ஒருவனுக்கொருவன் வகிட்டையும் மாற்றி எடுத்துவிட்டார்கள். மேடம் வந்தபோது வரிசையாக நின்று வணக்கம் சொன்னார்கள்.

மேடம் கொளஞ்சியப்பனிடம் வந்ததும் நின்றுவிட்டார்.

"இந்த உடைஞ்ச பல்ல காலையில பூலாம்பாடியில பார்த்தேனே?"

"அது வேற பையனுங்க மேடம். இந்தப் பக்கத்துச் சுண்ணாம்புத் தண்ணிக்குப் புள்ளைங்க பல்லெல்லாம் இப்படித்தான் போகுது."

"பூலாம்பாடிலயும் அதே தண்ணியா?"

"தண்ணி எங்க போனாலும் தண்ணிதானுங்களே."

மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதையும் சமாளித்திருப்பேன். ஆனால் பூலாம்பாடி வாட்ச்மேனுக்குப் பயிற்சி கொடுக்க மறந்துவிட்டேன். காலையில் வேன் கிளம்பிய கையோடு பொன்னுத்தாய் அங்கே வந்திருக்கிறாள். "உம் புள்ளையும் அந்த வேன்லதாம்மா உடையார்பாளையம் போவுது" என்று அந்த ஆள் உள்ளதைச் சொல்லிவிட்டார். பஸ் பிடித்து வந்துவிட்டாள்.

வாசலிலிருந்தே கத்தினாள். "டேய் கொளஞ்சி!"

அவன் திரும்பவில்லை.

ஓடிவந்து அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். "கொளஞ்சி, அம்மாடா. வூட்டுக்குப் போலாம், வாடா."

அவன் குனிந்து தன் சட்டையைப் பார்த்தான். சிவப்பு. பிறகு நிமிர்ந்து, கையைக் கூப்பி, "வணக்கங்க. எம் பேரு சரத்குமாருங்க. உங்களுக்கு யாருங்க வேணும்?" என்றான்.

உண்மையைச் சொல்கிறேன், ஐயா, எனக்குப் பெருமையாக இருந்தது. திரும்பிப் போகும்போதும் ஜன்னலோரம் இவனுக்குத்தான் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

பொன்னுத்தாய் அவன் சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். சட்டையை உருவித் தரையில் போட்டாள். வெறும் உடம்போடு நின்ற அவன் முன்னால் ஜெயசுதா மேடம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"இப்ப சொல்லு தம்பி. உம் பேரு என்ன?"

அவன் தன் நெஞ்சைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"சார், சட்டை இல்லாட்டி நான் யாரு சார்?"

மேடம் அழுதார். எனக்கும் வருத்தம்தான். அதனால்தான் இங்கே யாரும் கேட்கும் முன்பே எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன், தவறு என்னுடையதுதான். நீலத்துக்குச் சொல்லிக்கொடுத்தேன், சிவப்புக்குச் சொல்லிக்கொடுத்தேன். சட்டை போடாமல் நிற்கும்போது சொல்ல அந்தப் பிள்ளைக்கு ஒரு பெயர் வைக்காமல் விட்டுவிட்டேன்.