நசுங்கிய குடம்

கண்காட்சி தொடங்கிவிட்டால் எனக்கு உட்கார்ந்த இடத்திலேயே தூக்கம் வந்துவிடும். உங்களுக்குத் தமிழ் தெரிந்தது நல்லதாயிற்று, இன்ஸ்பெக்டர். இந்தியில் இதையெல்லாம் விளக்கத் தெம்பில்லை.

ஓவியம் வரைவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். மனிதர்கள் புழங்கிய சாமான்களை அப்படியே கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிறேன். அவர்கள் வாழ்ந்த கதையைச் சாமானே சொல்லிவிடும். தில்லியில் இதைப் பார்க்கக் கூட்டம் வருகிறது.

என் வீட்டில் வேலை செய்யும் முத்துமாரி, காலனிக்குப் பின்னால் ஓடைக்கரைக் குடிசையில் இருந்தவள். ஒருநாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, நாளைக்கே புல்டோசர் வருதுன்றாங்க. சாமானையெல்லாம் உங்க பால்கனில வச்சுக்கட்டுமா? கல்யாணக் குடம் இருக்கு, எங்க ரெண்டு பேரு பேரும் வெட்டினது."

பத்திரிகையில் இருக்கும் தோழியும் மறுநாள் காலை என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தாள்.

"அடுத்த வாரம்தான். நான் விசாரிச்சுட்டேன். பேசாம போய்த் தூங்கு" என்றேன்.

முன்கூட்டியே தெரிந்தால் நல்லதையெல்லாம் மூட்டை கட்டிவிடுவார்கள். மிஞ்சுவது கிழிந்த பாயும் பிளாஸ்டிக் வாளியும்தான். அவற்றைப் போன கண்காட்சியிலேயே வைத்தாயிற்று. பேர் வெட்டிய குடம் இடிபாட்டுக்குள் கிடைத்தால் அதன் கனமே வேறு.

காலையில் வண்டி வந்தபோது முத்துமாரி என் வீட்டில் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் அவர்கள் தெருமுனையில் நின்றிருந்தேன். அவள் கணவன் மூக்கன் கைக்கு அகப்பட்டதை வெளியே கொண்டுவந்து போட்டான். குடத்துக்காக மறுபடி உள்ளே போனான். வண்டியை நிறுத்தச் சொல்லி "ருக்கோ பையா" என்று யாரோ கத்தினார்கள். அதற்குள் சுவர் சாய்ந்துவிட்டது.

அவனைத் தூக்கிக்கொண்டு போன பிறகுதான் குடத்தை எடுத்தேன். அந்த அளவு மரியாதை எனக்குத் தெரியும்.

இப்போது அது கண்காட்சிக் கூடத்தின் நடுவில் இருக்கிறது. நசுங்கிய இடத்தில் மூக்கனின் பேர் மடங்கித் தெரிகிறது. அதன் முன்னால் நின்று பலர் அழுகிறார்கள். எனக்கும் அழுகை வந்தது.

முத்துமாரி அங்கேயே வந்தாள். "அத மட்டும் குடுத்துடுக்கா. அவரு கடைசியா தொட்டது."

தர முடியாது என்றேன். ஒரு மனிதன் கடைசியாகத் தொட்ட பொருளுக்கு இன்னொன்று ஈடாகுமா, நீங்களே சொல்லுங்கள். இத்தனை வருடமாக நான் சொல்லிவருவதே அதைத்தான்.

அவளை வெறுங்கையோடு அனுப்பிவிடவில்லை. புதுக்குடம் வாங்கினேன். கடைக்காரனுக்குத் தமிழ் தெரியாது என்பதால் நானே எழுதிக்காட்டி, இருவர் பேரையும் வெட்டச் செய்து கொடுத்திருக்கிறேன். அவளுக்கு ஒரு வித்தியாசமும் தெரியப்போவதில்லை.