ஒன்பதாம் பக்கம்

பல் தேய்க்கிற பிரஷ் வாங்குவதென்றாலே எனக்கு இரண்டு வாரம் ஆகும், ஐயா. நார் மென்மையா முரடா, தலை சிறியதா பெரியதா என்று பார்க்காமல் வாங்கி வாயில் வைப்பவர்களை நினைத்தால் எனக்கு ஆச்சரியம். என் மனைவி அந்த ரகம். கைக்கு எட்டியதை எடுத்துக் கூடையில் போட்டுவிட்டு, "பல்லுதானே விளக்கப் போறோம், கல்யாணமா பண்ணப் போறோம்?" என்பாள். என்னைத் தேர்ந்தெடுத்ததும் ஏறக்குறைய அப்படித்தான் என்று பிற்பாடு தெரிந்தது.

அவள் இறந்ததற்கும் பிரஷ்ஷுக்கும் என்ன சம்பந்தம் என்று உங்கள் முகம் கேட்கிறது. நீங்கள் பொறுமையாக எழுதிக்கொள்கிறவராகத் தெரிவதால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

வீட்டுக் காரின் பிரேக் கிரீச்சென்று கத்த ஆரம்பித்தபோது நான்தான் அந்தப் பொறுப்பைத் தலையில் போட்டுக்கொண்டேன். மாற்ற வேண்டியவை இரண்டே சாமான்கள். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிற இரும்புத் தட்டு ஒன்று, டிஸ்க் என்பார்கள். அதை இரு பக்கமும் கவ்விப் பிடித்து வண்டியை நிறுத்துகிற பேட் இன்னொன்று. கேட்கச் சுலபமாக இருக்கும். செராமிக் பேட் சத்தம் போடாது, கறுப்புத் தூசி கொட்டாது. உலோகக் கலவை பேட் சூடு தாங்கும், ஆனால் டிஸ்க்கைத் தின்றுவிடும். டிஸ்க்கிலோ துளை போட்டது, வரி வெட்டியது, வழவழவென்று விட்டது என்று மூன்று வகை. ஏழு வாரம் படித்தேன். பதினான்கு பக்கத்துக்குக் குறிப்பு எழுதி, ஸ்பைரல் போட்டு, வீட்டில் தலைக்கு ஒன்றாக நான்கு பிரதி எடுத்தேன். அந்த ஏழு வாரமும் வண்டி கத்திக்கொண்டுதான் ஓடியது. அவசரப்பட்டுத் தப்பான பேட் போடுவதற்கு அது தேவலை என்று எனக்குப் பட்டது.

வீட்டில் நான், மனைவி, ஒன்பது வயது மகள், மாடியில் குடியிருக்கும் மச்சான். மச்சான் என்றால் மனைவியின் தம்பி. எங்கள் வீட்டில் எதுவானாலும் கை தூக்கித்தான் முடிவு செய்வோம். சுவருக்கு என்ன பெயிண்ட், லீவுக்கு எந்த ஊர், எல்லாம் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை காலை பிரதிகளை மேஜையில் வைத்தேன். மச்சான் தன்னுடையதைத் திறக்கவே இல்லை, அதன் மேல் டீ டம்ளரை வைத்தான்.

"பேட் மாத்தறதுக்குப் பரீட்சையா மாமா வைக்கப் போறீங்க? நான் நேத்தே பேட், டிஸ்க் ரெண்டும் வாங்கியாச்சு. கடைக்காரர்கிட்ட வண்டி பேரைச் சொன்னேன், எடுத்துக் குடுத்தார். சனிக்கிழமை நானே மாட்டிடறேன்."

நான் தேர்ந்தெடுத்த செட் வந்து சேர இன்னும் மூன்று வாரம் ஆகும் என்றேன். என் மனைவி சிரித்துவிட்டாள். "சரி, கை தூக்குங்க."

மச்சான் தனக்கே தூக்கினான். மனைவி தம்பிக்குத் தூக்கினாள். மகள் படம் வரைந்துகொண்டே, "அப்பா பாவம்" என்று எனக்குத் தூக்கினாள். என் கையையும் சேர்த்து இரண்டுக்கு இரண்டு. அப்போது என் மனைவி, "சின்னப் பிள்ளை கை தூக்கினது கணக்கில்லை" என்றாள். பெயிண்ட் விஷயத்தில் அதே பிள்ளையின் கை கணக்கில் வந்தது. எனக்கு வலித்தது, ஐயா. ஏழு வாரத்தை ஏழு நொடியில் ஊதித் தள்ளிவிட்டார்கள்.

சனிக்கிழமை காலை மச்சான் வாசலில் வண்டியைத் தூக்கி நிறுத்தினான். நான் எடுபிடி. பெட்டியைப் பிரித்து அவன் புது டிஸ்க்கை வெளியே எடுத்தபோது அது பளபளவென்று மின்னியது. அது எண்ணெய். துருப் பிடிக்காமல் இருப்பதற்காகத் தொழிற்சாலையில் தடவி அனுப்புவார்கள். மாட்டுவதற்கு முன் சுத்தமாகத் துடைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் பேட் கவ்வாது, வழுக்கும். ஒன்பதாம் பக்கத்தில் சிவப்பு மையில் கட்டம் கட்டி எழுதியிருந்தேன். துடைக்கிற மருந்தும் துணியும் என் கைக்கு எட்டுகிற அலமாரியில்தான் இருந்தன.

"மாப்ளே, ஒன்பதாம் பக்கத்துல..." என்று ஆரம்பித்தேன்.

"மாமா, கொஞ்சம் வாயை மூடிட்டு அந்த ஸ்பானரைக் குடுங்க."

ஸ்பானரைக் கொடுத்தேன். வாயையும் மூடிக்கொண்டேன். அவனே, "என்ன இது, பிசுபிசுங்குது" என்று சொல்லிக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். கையை மட்டும்.

வாசற்படியில் நின்ற என் மனைவி, "உங்க புஸ்தகத்தைத் தேடுனீங்களே, முழங்கால் வலிக்குதுன்னு அது மேல மண்டி போட்டிருக்கான் பாருங்க" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன்.

வேலை முடிந்ததும் வண்டியைக் கேட்டுக்குள்ளேயே நாலடி நகர்த்திப் பார்த்தான். "மாமா, பிரேக் லேசா வழுக்குற மாதிரி இருக்கே?"

ஏழு வாரத்தில் பிரேக் பற்றி என்னிடம் ஒருவர் அபிப்பிராயம் கேட்டது அதுதான் முதல் தடவை. "புதுசில்லையா, ஓட்ட ஓட்டப் பழகிடும்" என்றேன். புது பேட் பழக வேண்டும் என்பது பதினோராம் பக்கத்தில் இருக்கிறது. நான் பொய் சொல்கிற ஆள் இல்லை.

கடைக்குப் போய் வரலாம், பிரேக்கையும் பார்த்த மாதிரி ஆயிற்று என்று என் மனைவி, ஓட்டுகிற தம்பிக்குப் பக்கத்தில் முன்சீட்டில் ஏறினாள். எங்கள் தெரு இறக்கம். அடியில் லாரிகள் போகிற பெரிய சாலை. நீங்களே பார்த்தீர்கள்.

ஒரு சின்ன அதிர்ச்சி, அவ்வளவுதான் நான் எதிர்பார்த்தது. வெளிறிப்போய்த் திரும்பி வருவார்கள், ஒன்பதாம் பக்கம் எங்கே என்று கேட்பார்கள் என்று மீதி மூன்று பிரதிகளையும் மேஜையில் விரித்து வைத்தேன். டீக்குத் தண்ணீரும் வைத்தேன். அது கொதிப்பதற்குள் மோதிய சத்தம் கேட்டது. அதற்கு முன் கிரீச்சென்று ஒரு சத்தமும் இல்லை. அதைக் கவனித்தேன்.

மச்சானுக்கு இரண்டு காலும் முறிந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே என் மனைவி போய்விட்டாள். எண்ணெய் இருந்தது எனக்குத் தெரியும். துடைக்கவில்லை என்பதும் தெரியும். தெரிந்துதான் அனுப்பினேன். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

எதிர்வீட்டு அம்மா சொன்னதும் உண்மைதான். பின்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த மகளை, "ரப்பரைக் காணோம்னு சொன்னியே, வா, தேடலாம்" என்று நான்தான் இறக்கிக் கூட்டிக்கொண்டு போனேன். சின்ன அதிர்ச்சிதான் என்றால் அவளை எதற்கு இறக்கினாய் என்று மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். அவளை இறக்கியவன் மனைவியை ஏன் இறக்கவில்லை என்றும் கேட்கிறீர்கள்.

அவள் எனக்குக் கை தூக்கியவள், ஐயா.