காப்பி முடிகிற வரைக்கும்

மின்னூலுக்குப் பெயர் வைப்பது பிள்ளைக்குப் பெயர் வைப்பதைவிடச் சிரமம், சார். ஒரே ஆசிரியரின் இனிஷியலுக்கு ஒரு கோப்பில் புள்ளி இருக்கும், இன்னொன்றில் இருக்காது. இரண்டும் வேறு வேறு ஆள் என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும். மணலி புதுநகரில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து வருஷக்கணக்காக இதைத்தான் திருத்திக்கொண்டிருக்கிறேன். அட்டைப்படம்கூடத் தேடி ஒட்டுவேன். படித்தாயா என்று மட்டும் கேட்காதீர்கள். அடுக்குகிறவனுக்குப் படிக்க நேரம் ஏது?

பழைய ஹார்ட் டிஸ்க் கரகரக்க ஆரம்பித்திருந்தது. அது போனால் மொத்தமும் போய்விடும். புதிதாக ஒன்று வாங்கி, போன வெள்ளிக்கிழமை மதியம் எல்லாவற்றையும் அதில் ஏற்ற உட்கார்ந்தேன். மீஞ்சூருக்கு வேலைக்குக் கிளம்பிய என் மனைவி ரேகா, "அப்பாவப் பாத்துக்கோ. மிஷினு ஓடிக்கினே இருக்கணும்" என்றாள். அவளுடைய அப்பா லட்சுமணன், கம்பெனிப் புகையில் நுரையீரலைத் தொலைத்தவர். ஆக்சிஜன் மிஷின்தான் அவருக்கு மூச்சு.

கோப்புகள் பாதி காப்பி ஆகியிருந்தபோது கரண்ட் போனது. கம்ப்யூட்டர், மிஷின் இரண்டையும் தாங்காமல் இன்வெர்ட்டர் கத்தியது. ஒன்றைப் பிடுங்கியாக வேண்டும். நடுவில் நிறுத்தினால் அந்தப் பழைய டிஸ்க் மறுபடி எழுந்திருக்காது. மாமா தாங்குவார் என்று நினைத்தேன். மனுஷ உடம்பு இல்லையா.

"மாப்ள, காத்து வரல. இன்னாச்சு பாரு" என்றார் உள்ளறையிலிருந்து.

"கரண்ட் பூட்ச்சு மாமா. கொஞ்சம் பொறுத்துக்குங்க."

அப்புறம் கட்டில் சட்டத்தைத் தட்டினார். திரையில் பச்சைக்கோடு நகர்ந்துகொண்டிருந்தது. தட்டுவது நின்றதும், தூங்கிவிட்டார் என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. காப்பி முடிந்தது. எல்லாம் பழுதில்லாமல் வந்திருக்கிறதா என்று திறந்து திறந்து பார்த்தேன். அதற்குப் பிறகுதான் உள்ளே போனேன்.

இன்வெர்ட்டர் நின்றுவிட்டது என்று ரேகாவிடம் சொன்னேன். "நீ இன்னா பண்ணுவ" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். நேற்று அதைச் சரிசெய்ய மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். "இதுல ஒரு கோளாறும் இல்லக்கா" என்றான் அவன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன்.

மிஷின் பிளக்கைப் பிடுங்கியது நான்தான், சார். எழுதிக்கொள்ளுங்கள். கொலை என்று மட்டும் எழுதாதீர்கள். எதையும் அழிக்க மனசு வராத ஆள் நான்.